பூட்டிய வீட்டில் பல ஆண்டு நின்ற புல்லட்டைச் சாலைக்குக் கொண்டுவருவது எப்படி

செட்டிநாட்டில் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ மட்டும் திறக்கப்படும் பெரிய வீடுகளில், கார் கொட்டகையிலோ முன்கூடமான பட்டாலையின் ஓரத்திலோ, பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் வாங்கி, வயல் பார்க்கவும் கோயில் காரியங்களுக்கும் ஓட்டி, அவருக்குப் பின் பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று போய்விட்டதால் நின்றுபோன வண்டி அது. முன்னோரை வணங்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீடு திறக்கப்பட்டுப் பங்காளிகள் கூடும் நாளில் இளவட்டம் ஒருவர் போர்வையை விலக்குவார். அடுத்த நிமிடமே கிக்கரில் கால் வைப்பார். அந்தக் காலை எடுக்கச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அந்த இளவட்டம் நான்தான். ஐயாவின் 350 சி.சி. ராயல் என்ஃபீல்டு புல்லட் பதினோரு ஆண்டுகள் நின்றிருந்தது. புதுப் பெட்ரோல் ஊற்றி, ஒரு புது பிளக் மாட்டி, இருபது முப்பது உதை உதைத்ததில் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. உள்முற்றமான வளவிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அடுப்படியிலிருந்து ஆச்சியும் வந்து நின்றார்கள். அரை நிமிடம் சென்றிருக்கும், உலோகம் உரசும் ஓர் ஓசை கேட்டது, வண்டி நின்றது. பிறகு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், கார்புரேட்டரின் காற்று வாயில் குளவி கட்டியிருந்த மண்கூடு நொறுங்கி உள்ளே போயிருப்பதையும், எண்ணெயே காணாத சிலிண்டர்ச் சுவரில் நகத்தால் கீறியதுபோல் கோடுகள் விழுந்திருப்பதையும் காட்டினார். சிலிண்டரைப் போர் போட்டு, அதாவது சற்று அகலமாகக் கடைந்து, பெரிய அளவு பிஸ்டன் மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே கீழே சொல்லப்படும் வரிசையில், கிக்கரை உதைப்பது ஏறத்தாழக் கடைசி வேலையாக வரும்.

இங்கே தரப்படும் அளவுகள் வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய 350 புல்லட்டுக்கு உரியவை. சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் பொருத்தப்பட்டு, பிறகு முழுமையாகவே அங்கே தயாரிக்கப்பட்ட இந்த வண்டியின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. உங்கள் வீட்டில் நிற்பது மைசூரில் தயாரான ஜாவா அல்லது யெஸ்டியாகவோ ராஜ்தூத்தாகவோ இருந்தால், அவை பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் என்பதால், எஞ்சின் எண்ணெய் குறித்தும் வால்வு குறித்தும் நான் சொல்பவை அவற்றுக்குப் பொருந்தா. மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வேலை ஸ்பேனரைத் தொடாத வேலையாகும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அது பெரும்பாலும் இரும்புப் பெட்டியில், வீட்டுப் பத்திரங்களுக்கு நடுவே, மறைந்த பெரியவரின் பெயரிலேயே இருக்கும். உரிமையாளர் இறந்தால் முப்பது நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் அதை உரிய காலத்தில் செய்தவர்கள் அரிது. காலம் கடந்திருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். இந்தச் சம்மதம் வாங்குவதுதான் எஞ்சினைப் பிரிப்பதைவிடக் கடினமானது. ஒரு பங்காளி சிகாகோவில் இருப்பார், இன்னொருவர் பேசாமல் இருப்பார், மூன்றாமவருக்குத் திடீரென்று அந்த வண்டியின் மேல் பாசம் பொங்கும். என் அனுபவத்தில், எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் படைப்பு நாளில், மதியச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் தாளை நீட்டுவதே உத்தமம். கையெழுத்துக் கேட்கும்போது, வண்டி வீட்டிலேயேதான் நிற்கும், விற்கப்படாது என்று வாயால் சொல்லிவிடுங்கள். பாதித் தயக்கம் அதில் தீரும்.

தனியார் வண்டிகளின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 25ஆம் எண் படிவத்தின் வழியே புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டியிருப்பதால், ஆவணங்களைத் தொடங்கிவைத்துவிட்டு, வண்டி ஓடும் நிலைக்கு வந்த பிறகு முடிப்பதே நடைமுறை. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். அழுக்கையும் கிரீஸையும் துணியால் துடைத்து, எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு எழும். அந்த இடத்தில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பதோ, பெயின்ட் அடிக்கும்போது எண்ணின்மேல் தடிமனாகப் பூசுவதோ கூடாது. அழிந்த எண் பின்னாளில் பெரிய வழக்காகும்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, பழைய வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021இல் வந்த விதிகளின்படி தனிப் பதிவு கிடைக்கும். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், அது பத்தாண்டுக்குச் செல்லும். கேட்பதற்குப் பெருமையாக இருந்தாலும், அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழைய வண்டிகளின் பேரணி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிறு காலையில் பிள்ளையார்பட்டி வரை போய்வர நினைப்பவருக்குச் சாதாரணப் புதுப்பித்தலே ஏற்றது என்பது என் கருத்து. காப்பீடும் புகைச் சான்றிதழும் இல்லாமல் தெருமுனைவரைகூட எடுக்க வேண்டாம்.

இனி வண்டியை இடம் மாற்ற வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் தரை தெருவைவிட நன்கு உயர்ந்திருப்பதால், பட்டாலையில் நிற்கும் புல்லட்டைக் கீழே இறக்க அகலமான பலகை ஒன்றும் நான்கு ஆட்களும் வேண்டும். அதற்கு முன் டயர்களில் காற்று அடித்துவிடுங்கள். காற்றில்லாத டயரில் நூற்றுப் பதினைந்து கிலோ எடை இருந்தாலே தள்ளுவது கடினம், இந்த வண்டியின் எடையோ அதற்கும் வெகுவாக மேலே. வீட்டுக்குள்ளேயே வேலை செய்வதானால் ஒன்றைக் கவனியுங்கள். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்கள் சூளையில் சுடப்படாத, சிமென்டால் வார்க்கப்பட்டவை. அவை எண்ணெயைக் குடித்துவிடும். வேலை செய்த இடத்தில் நான் விட்ட உள்ளங்கையளவு கறை இன்றும் எங்கள் முகப்பில் இருக்கிறது. வருகிற விருந்தினருக்கெல்லாம் ஆச்சி அதைக் காட்டுகிறார்கள். சென்டர் ஸ்டாண்டின் கால்கள் அந்தக் கல்லைக் கீறவும் செய்யும். ஆகவே தடித்த மரப்பலகையின்மேல் வண்டியை ஏற்றி, எஞ்சினுக்குக் கீழே அகலமான தகரத் தட்டை வையுங்கள். பெட்ரோல் சம்பந்தப்பட்ட வேலைகளை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் வீட்டுக்குள் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, சாமி வீட்டு விளக்குவரை போய்ச் சேரும்.

வெளிச்சத்துக்கு வந்த வண்டியை அரை நாள் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த அரை நாளில் கிடைக்கும் தகவல் வேறெப்போதும் கிடைக்காது. காற்று வடிகட்டி, கார்புரேட்டரின் வாய், சைலன்சரின் முனை ஆகிய மூன்றிலும் டார்ச் அடித்துக் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் எலி பஞ்சு சேர்த்திருக்கும்; அதோடு வயர்களின் மேலுறையையும் கடித்திருக்கும். கார் கொட்டகையில் நின்ற வண்டியென்றால், கையை விடும் முன் ஒரு குச்சியை விட்டுத் தட்டிப் பாருங்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். எதையும் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய நட்டு போல்ட்டுகளை அந்தந்த இடத்தின் பெயரெழுதிய தனித்தனி டப்பாக்களில் போடுங்கள். மாற்றப்பட்ட பழைய பாகங்களைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றிப் பழகியவர்களுக்கு, ஒரு பழைய விளக்குக் கண்ணாடியைத் திரும்பத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது தெரிந்திருக்கும்.

டேங்கிலிருந்து தொடங்கலாம். பல ஆண்டு தேங்கிய பெட்ரோல் கெட்டுப்போய், வார்னிஷ் போன்ற வாடையுடன் பிசினாக மாறியிருக்கும். அதை முழுவதும் வடித்துவிட்டு, டேங்கைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய பழுப்புப் பூச்சு மட்டும் இருந்தால், டீசலும் ஒரு பிடி சிறிய நட்டுகளும் போட்டுக் குலுக்கினாலே போதும். செதில் செதிலாகத் துரு இருந்தால் வேறு வழி வேண்டும். பித்தளைப் பாத்திரம் துலக்கும் புளிக்கரைசலைக்கூட நான் ஒருமுறை ஊற்றிப் பார்த்தேன். வேலை செய்தது, ஆனால் நான்கு நாள் ஆனது, வாடை போக இன்னும் நான்கு நாள் ஆனது.

எனக்குப் பிடித்த முறை மின்சாரத்தால் துருவை நீக்குவது. உலோக அரிப்பையும் மின்முலாமையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் கொடுத்த முந்நூறு ஏக்கர் நிலத்தில் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இயங்கும்போது, இந்த எளிய வித்தையை நாம் தெரிந்துகொள்ளாமல் இருப்பது அழகல்ல. டேங்கைச் சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, பெட்ரோல் வாடை அறவே போனபின், பெட்ரோல் குழாய்த் துளையை அடைத்துவிட்டு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் நிரப்புங்கள். மூடி வாய் வழியாகச் சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை, டேங்கின் எந்தப் பக்கத்திலும் தொடாதபடி, ரப்பர்த் துண்டால் பிடித்து உள்ளே தொங்கவிடுங்கள். பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் முனை கம்பிக்கும், நெகட்டிவ் முனை டேங்குக்கும் போக வேண்டும். இதை மாற்றிக் கொடுத்துவிட்டால் கரைவது டேங்காக இருக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாக நீரில் கலக்கும். இந்த வேலையின்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், திறந்தவெளியில், பீடி சிகரெட் பிடிப்பவர் யாரும் அண்டாத இடத்தில் செய்யுங்கள். சார்ஜரை அணைத்த பிறகே முனைகளைக் கழற்றுங்கள். ஓரிரவில் கம்பி கறுத்துத் தடித்திருக்கும், டேங்கின் உட்புறம் சாம்பல் நிறமாகியிருக்கும். உடனே கழுவி, செட்டிநாட்டு வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, சிறிது எஞ்சின் எண்ணெயை உள்ளே சுழற்றிவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் மாலைக்குள் துரு திரும்பிவிடும். இந்த முறையில் டேங்கின் வெளிப்புறப் பெயின்டும், அதன் பொன்னிறக் கோடுகளும் சேதமடைவதில்லை என்பது பெரிய நன்மை.

பெட்ரோல் ரப்பர்க் குழாய், குழாயின் வாஷர்கள், கார்புரேட்டரின் பேக்கிங் ஆகியவற்றைப் பார்க்காமலேயே மாற்றிவிடுங்கள். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காமல் ஊதிப்போய் இளகும். கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளைகளைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி, பிறகு வண்டி குடிக்கும் பெட்ரோலுக்குக் கணக்கிருக்காது.

அடுத்தது எஞ்சின். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே இரண்டு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு, துணியால் மூடி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். பிஸ்டன் அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி இன்னும் ஒரு வாரம் காத்திருங்கள். கிக்கரின் மேல் ஏறிக் குதித்தால் உடைவது கிக்கரின் பல்லாகத்தான் இருக்கும்.

புல்லட்டின் எண்ணெய்த் தொட்டி எஞ்சின் வார்ப்பின் உள்ளேயே அமைந்தது. நாள்பட நின்ற வண்டியில் அந்த எண்ணெய் மெல்ல இறங்கி, கிராங்க் சுழலும் அறையில் சேர்ந்திருக்கும். ஆகவே அடியில் உள்ள வடிகால் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி முழுவதும் வடியுங்கள்; ஒன்றை மட்டும் கழற்றிவிட்டுத் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் பலர். எண்ணெய் வடிகட்டியையும் மாற்றி, 20டபிள்யூ-50 எண்ணெயை ஊற்றுங்கள். இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். இடப்பக்கத்துச் செயின் கவருக்கும் கியர் பெட்டிக்கும் தனித்தனி எண்ணெய் என்பதை மறக்க வேண்டாம். பிறகு பிளக் இல்லாமலேயே ஐம்பது அறுபது முறை நிதானமாகக் கிக்கரை மிதித்து, எண்ணெய்ப் பம்புகளுக்கு வேலை கொடுங்கள். என் வண்டியில் நான் தவறவிட்டது இந்த ஐம்பது மிதியைத்தான்.

வால்வுகளை இயக்கும் தண்டுகளின் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில், அதாவது வால்வுகள் மூடியபடி கலவையை அழுத்தி ஏறி, உச்சியில் நிற்கும்போது பார்க்க வேண்டும். வலப்பக்கச் சிறு மூடியைத் திறந்தால் இரண்டு தண்டுகள் தெரியும். மேலும் கீழும் ஆட்டம் இல்லாமல், ஆனால் விரலால் திருப்பினால் சுழலும் அளவில் அவை இருந்தால் சரி.

பொறி வருகிறதா என்பதைப் பார்க்கும்போது பெரும்பாலும் குற்றவாளி, மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை எழுப்பும் பிளாட்டினம் பாயிண்ட்தான். நின்ற வண்டியில் பாயிண்டின் முகங்கள் மங்கிப் போயிருக்கும். மெல்லிய அரத்தால் லேசாக இழுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்குமாறு வையுங்கள். வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதைப் பல்பைப் பார்த்து உறுதி செய்த பிறகே பேட்டரி வாங்குங்கள். பழைய வண்டிகள் 6 வோல்ட் என்பதால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே மாட்டிவிடக் கூடாது.

ஓடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து நிற்பதை மறந்துவிடுபவர்கள் உண்டு. டிரம் பிரேக்குகளைத் திறந்து, பளபளத்து இறுகிப்போன லைனிங்கை மாற்றுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் கேபிள்களைப் புதிதாகப் போடுவது பெரிய செலவல்ல. ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள்; எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்க, ஒன்று மட்டும் சொத்தென்று ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2318’ என்றால் 2018ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது. பட்டை தேயாமல் புதிது போலவே இருந்தாலும் பத்தாண்டைத் தாண்டிய டயரை நம்பக் கூடாது. 3.25, 19 என்ற அளவில் டயரும் டியூபும் உள்நாடாவும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இப்போது உதைக்கலாம். பெட்ரோல் குழாயைத் திறந்து, சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஹெட்லைட் மேல் உள்ள ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். முள் நடுவுக்குத் திரும்பி, கால் எதிர்ப்பை உணரும் இடத்தில் நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் இடக்கைப் பக்கத்து டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரைச் சிறிதளவு மட்டும் தாண்டவிட்டு லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, பின் முழு உடல் எடையையும் போட்டு, ஒரே மூச்சில் கடைசிவரை மிதியுங்கள். இந்த உதையில் ஆக்சிலரேட்டரைத் திருக வேண்டியதில்லை. முறைப்படி செய்தால் ஒல்லியான ஆளும் கிளப்பிவிடலாம். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். செருப்போடு உதைக்காதீர்கள். கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள், சிலிண்டரின் தலைக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் கசிந்தால் இறுக்கிவிட்டு மகிழலாம். கசியாவிட்டால் சாவியை உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

ஓட்டும் முன் கொட்டகைக்கு வெளியே நின்றபடியே ஒரு பாடம் படிக்க வேண்டும். பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில் இருக்கும். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டிகளில் பழகிய என் அண்ணன் மகன், ஊருணிக் கரையில் மாடு குறுக்கே வந்தபோது பிரேக் என்று எண்ணி வலக்காலை அழுத்தினான். வண்டி அடுத்த கியருக்கு மாறியது. மாடு நகர்ந்துகொண்டதால் கதை நல்லபடி முடிந்தது. ஆகவே ஒரு மாலை முழுவதும் காலியான பொட்டலில், நிறுத்துவதை மட்டுமே பழகுங்கள்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வரை நாற்பது, ஐம்பது வேகத்தைத் தாண்டாமல், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுங்கள். காற்றால் குளிரும் இந்த எஞ்சினுக்குச் சித்திரை வெயில் ஆகாது. அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்கு வீடு திரும்புவதே முறை. இந்த விதத்தில் செட்டிநாடு கொடுத்துவைத்த நிலம். நகரத்தார் என்னும் செட்டியார் சமூகத்தின் கோயில்கள் ஒன்பதும் ஓட்டத்துக்கு அளந்து வைத்ததுபோல் அருகருகே அமைந்திருக்கின்றன. முதல் ஞாயிறு குன்றக்குடி வழியே பிள்ளையார்பட்டி, அடுத்தது வைரவன்பட்டி, இரணியூர், இளையாத்தங்குடி, அதன்பின் மாத்தூர் என்று சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டலாம். வண்டி நன்றாகத் தேறிய பிறகு கானாடுகாத்தான் வழியே திருமயம் கோட்டைவரை போய், கோட்டைக்கு எதிரே எஞ்சினை ஆறவிட்டுத் திரும்புங்கள். நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து போகிறோம். பழைய வண்டி முன்னால் போகும், புதிய வண்டிகள் அதன் வேகத்துக்கு அடங்கிப் பின்னால் வரும் என்பதே எங்களுக்குள் உள்ள ஒரே சட்டம். ஒரு நண்பர் பாயிண்டும் பிளக்கும் வைத்திருப்பார், ஒருவர் கிளட்ச் கேபிள், ஒருவர் டியூப். வழியில் வண்டி நின்றால் புளியமர நிழலில் எல்லாரும் இறங்கிவிடுவோம். கருத்துச் சொல்பவர் ஐவர், ஸ்பேனர் பிடிப்பவர் ஒருவர். திரும்பும் வழியில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்டினியும் கிடைக்கும் கடை திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே பழுது சீக்கிரம் தீரும்.

சாலையைப் பற்றிச் சில எச்சரிக்கைகள் உண்டு. ஊர் உள் வளைவுகளில் தார் மேல் செம்மண் சரளை பரவிக் கிடக்கும். பழைய டிரம் பிரேக்கை அங்கே பிடித்தால் வண்டி வழுக்கும், ஆகவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். விடியற்காலையில் கண்மாய்க் கரைகளில் மயில்கள் குறுக்கே பறக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று எதிர்பாருங்கள். தை மாதத்தில் பழனி பாதயாத்திரை செல்வோர் இருட்டோடு நடப்பார்கள். குன்றக்குடியிலிருந்து மேற்கே செல்லும் சாலைகளில் அந்த நாட்களில் வண்டியை எடுக்காமலிருப்பதே மரியாதை. தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். நெரிசலில் முதல் கியரில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் கிளட்ச் பிளேட் கருகிவிடும்.

விடுமுறை முடிந்து ஊருக்குத் திரும்பும் நாளில் வண்டியை மீண்டும் நிறுத்துவதற்கும் முறை இருக்கிறது. சில வாரங்களில் திரும்பி வருவதானால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் போதும். மூன்று மாதங்களுக்கு மேல் ஆகுமென்றால் டேங்கை முழுவதும் வடித்து, உள்ளே எண்ணெய் சுழற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் தண்ணீராகச் சேர்க்கும். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் ஈரக்காற்று உள்ளே போகாது. சென்டர் ஸ்டாண்டில் பலகைமேல் ஏற்றி, பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்துப் பழைய வேட்டியாலோ பருத்திப் போர்வையாலோ மூடுங்கள்.

காற்று வாயையும் சைலன்சர் முனையையும் எண்ணெய்த் துணியால் அடைத்து, துணியின் நுனி வெளியே தொங்குமாறு விடுங்கள். எவையெவை அடைக்கப்பட்டிருக்கின்றன, எது கழற்றப்பட்டிருக்கிறது, டேங்கில் எண்ணெய் மட்டுமே இருக்கிறது என்பவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சாவியோடு கட்டி, சாவியை வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கொடுங்கள். அடுத்த படைப்புக்கு உங்களுக்கு முன்னால் வந்து சேரும் தம்பியிடம், அட்டையைப் படித்துக் காட்டிய பிறகே சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.